முதல் அடர்த்தி

தண்ணீர் ஊற்றிய தாம்பாளம்,
அதன்மேல் கவிழ்த்த தட்டு,
அதன்மேல் லேப்டாப்.
பத்தாயிரம் விண்மீன்கள் சூடாகாமல் இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை, எஃப் பிளாக், மூன்றாம் மாடி.
கீழே எண்ணூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர் லாரிகள் நின்ற இடத்திலேயே உறுமுகின்றன.
திரையில் எழுபது கோடி ஆண்டுகள் போய்விட்டன.
லாரிகள் இன்னும் டோல்கேட்டைத் தாண்டவில்லை.

கேரம் கிளப்பிலிருந்து ஏறிவந்தான் அண்ணன் டில்லிபாபு,
விரல் நுனியில் பவுடர்.
"இன்னாமே, கொசு மாதிரி மொய்க்குது?"
விண்மீன் கொத்து, என்றேன்.
கறுப்புப் புள்ளியெல்லாம் கருந்துளை. இருபத்துமூன்று.
"அது எல்லாத்தையும் உறிஞ்சிக்கும்ல?"

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்.
உறிஞ்சுவது அபூர்வம், அண்ணா.
பெரும்பாலும் அவை
தள்ளிவிடும்.

கனமானவை மெல்ல நடுவுக்கு இறங்கும்,
தம் வேகத்தை
எதிர்ப்படும் இலேசானவற்றுக்குக் கொடுத்துக்கொண்டே.
"கனம்னா அடியிலதான் போவணும். கப்பல்லயும் அதான்."
துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் பாரம் ஏற்றியவன்.

நடுவில் இரண்டு கருந்துளைகள் ஜோடி சேரும்.
மூன்றாவதாய் ஒன்று பக்கத்தில் போனால் போச்சு:
அது வெளியே,
ஜோடி இன்னும் நெருக்கமாய்.
"எட்டியப்பனும் வரதப்பனும்" என்றான்.

தரைத்தளத்து அண்ணன் தம்பி, இருவருக்கும் தண்டல் தொழில்.
பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை,
ஒருவரை விட்டு ஒருவர் நகர்ந்ததுமில்லை.
இவரிடம் வாங்கி அவருக்குக் கட்டப்போன சகாயராணி
மீஞ்சூர் தாண்டி எங்கேயோ இட்லி விற்கிறாள்.
நான் சிரிக்கவில்லை.

"அப்ப கேரம் போர்டு மாதிரின்னு சொல்லு."
இல்லை. அங்கே காய் காயை இடிக்கும்.
இங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை.
தொடாமலே பாதை திரும்பிவிடுகிறது.
அவன் பவுடரை லுங்கியில் துடைத்தான்.

போன மாதம் கதவு கதவாய்
சிவப்புப் பெயின்டில் எண் போட்டுவிட்டுப் போனார்கள்.
இடிப்பார்களாம். திரும்பக் கட்டித் தருவார்களாம்.
நாற்பத்தெட்டு வீட்டில் பதினேழு பூட்டு.
ஆனால் கழன்றவை உடனே சிதறிவிடுவதில்லை,
கொத்துக்கு முன்னும் பின்னும்
அதே பாதையில் வாலாய் நீண்டு வரும்.
பெரும்பாக்கம் போனவர்கள் இரண்டு பஸ் மாறி
ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக்
காசிமேட்டுக்கே வருகிறார்கள்.

அப்புறம் என்ன ஆவும், என்றான்.

தளர்வாய்ப் பிறந்த கொத்தென்றால்
விண்மீன்கள் முதலில் தீரும்.
கடைசியில் கருந்துளைகள் மட்டும்
யாருமற்ற இருட்டில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும்.
நெருக்கமாய்ப் பிறந்ததென்றால்
கருந்துளைகளே ஒன்றையொன்று எறிந்து தீர்த்துவிடும்.
மிச்சமிருக்கும் வெளிச்சமெல்லாம்
நடுவுக்கு வந்து ஒண்டும்.
எது நடக்கும் என்பது
முதல் நாள் அடர்த்தியில் இருக்கிறது.

"நம்ம வூடு இன்னா அடர்த்தி?"

பத்துக்குப் பன்னிரண்டு. ஒன்பது பேர்.
ஒரு தையல் மிஷின்.
கால் நீட்டுவதற்கு முறை வைத்திருந்தோம்,
உனக்குச் செவ்வாய், வெள்ளி.

கரண்ட் போனது.

தெற்கே ஒரு கொத்து உண்டு,
சித்திரை மாதத்து இரவில் வெறுங்கண்ணுக்கே தெரியுமாம்.
அதைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன்,
ஒருநாளும் பார்த்ததில்லை.
எங்கள் தெற்கில் துறைமுகம்.
துறைமுகத்துக்குக் கரண்ட் போவதில்லை.

அண்ணன் மொபைல் டார்ச்சைத் தட்டினான்.
அணை, இது போதும், என்றேன்.
திரையின் வெளிச்சத்தில் எங்கள் இரண்டு முகம், கொசுவர்த்தி,
ஒரு மூலையில் சின்னதாய் எண்:
இருபத்துமூன்று என்றிருந்தது
இருபத்திரண்டு என்றானது.

கீழே யாரோ
வீட்டைப் பூட்டுகிற சத்தம்.
பெரிய பூட்டு. இரண்டு சுற்று.
யாரென்று பார்க்க அண்ணன் படியிறங்கி ஓடினான்.

பேட்டரி பதினோரு நிமிஷம் என்றது.